பச்சை வாடை

சென்ற வைகாசியில் பத்து நாள்கள் கண்டமங்கலத்தில் என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்தப் பத்து நாள்களும் அவளுடைய சமையலறையில் ஒரு புது இயந்திரத்துடன் பழக நேர்ந்தது. அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியவுடனேயே, எங்கே எழுதுவது என்ற கேள்வியும் வந்துவிட்டது. பெண்கள் பத்திரிகையில் எழுதினால் சமையல் குறிப்பாகிவிடும். விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினால் விளம்பரமாகிவிடும். நாற்பது வருஷமாகப் பிறர் எழுதியவற்றுக்கு மதிப்பீடு சொல்லிக்கொண்டு திரிகிற ஒருவன், மதிப்பீடு செய்கிற ஒரு இயந்திரத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் இந்த மாதிரிப் பக்கங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அது அரைக்கும், வேகவைக்கும், கிளறும், நிறுக்கும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவும் உண்மை. ஆனால் அவர்கள் சொல்லாத ஒரு காரியத்தையும் அது செய்கிறது. பதம் வந்துவிட்டதா இல்லையா என்று அது தீர்மானிக்கிறது.

பார்வைக்கு அது ஒரு தடித்த மிக்ஸி. அடியில் மோட்டார். மேலே இரண்டு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் ஜார். ஜாரின் அடித்தட்டே சூடேறும்படி ஏற்பாடு. நடுவில் நான்கு இலைகள் கொண்ட பிளேடு. இந்தப் பிளேடில்தான் இயந்திரத்தைச் செய்தவனின் புத்தி முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இலையின் ஒரு விளிம்பு கூர், மறு விளிம்பு மொண்ணை. ஒரு பக்கமாகச் சுற்றினால் வெட்டுகிறது. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வெட்டாமல் கிளறுகிறது. அரிவாள்மணையும் அகப்பையும் ஒரே துண்டு உலோகத்தில். கால்களுக்குள் தராசு ஒளிந்திருக்கிறது. முகப்பில் ஒரு கண்ணாடித் திரை. அது சொல்லச் சொல்ல நாம் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வெங்காயத்தை 120 கிராம் கேட்கும். 118இல் நிறுத்தினால் காத்திருக்கும். 120 ஆனதும் அடுத்த கட்டத்துக்குப் போக அனுமதி தரும்.

திரையில் தமிழும் உண்டு. அந்தத் தமிழைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ரசம் முடிந்ததும், உங்கள் ரசம் தயாராக உள்ளது, மகிழுங்கள் என்கிறது. எதற்காக மகிழ வேண்டும், எவ்வளவு மகிழ வேண்டும் என்பதற்கு மட்டும் கிராம் கணக்கு இல்லை. அக்காள் முதல் நாளே என்னிடம் கேட்டாள்: “யாரு வூட்டுத் தமிழுடா இது? மணியக்காரர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குது.” நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலருக்குச் சொல்ல நினைத்து நான் சொல்லாமல் விட்டது அது.

இந்த இயந்திரத்தின் மூதாதை ஜெர்மனியின் வுப்பர்டாலில் பிறந்தது. 1883இல் கம்பள ஆலையாகத் தொடங்கிய ஃபோர்வெர்க் என்னும் கம்பெனி, 1971இல் தெர்மோமிக்ஸ் என்ற பெயரில் முதல் இயந்திரத்தை வெளியிட்டது. செய்தது ஜெர்மன் கம்பெனி என்றாலும் அதன் கரு பிரெஞ்சுக்காரர்களின் சூப்பு. காய்களை வேகவைத்து, எடுத்து, வேறு பாத்திரத்தில் மசித்து, மறுபடி சூடாக்கித் தடித்த சூப்புச் செய்கிற வேலையை ஒரே பாத்திரத்தில் முடித்துவிட முடியாதா என்ற எண்ணம்தான் ஆரம்பம். 2004இல் வந்த மாடலில் பிளேடு எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கற்றுக்கொண்டது. 2014இல் திரை வந்தது. 2019, 2025 என்று அடுத்தடுத்த மாடல்கள். அதற்குள் அதே வழியில் நம் நாட்டிலும் வெவ்வேறு கம்பெனிகள் கிளம்பிவிட்டன. அக்காள் வீட்டிலிருப்பது அப்படியொரு கம்பெனியுடையது. பெங்களூரில் வேலையிலிருக்கும் அவள் மகன் வாங்கி அனுப்பியது. பெயர் வேண்டாம், நான் சொல்ல வந்தது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

இப்படி ஒரு இயந்திரத்தைக் கண்டதும் நம்மவர்களுக்கு உடனே அம்மி ஞாபகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. இருபத்தாறு வயதில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையில் ஆட்டுக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். கல்லின் மௌனம், குழவியின் லயம் என்றெல்லாம் அதில் வரும். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தவள் அக்காள். ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை மாவைத் தள்ளும். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். கட்டுரைக்கு வேண்டிய லயம் எனக்குத் திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிய மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி கூட அந்தக் கட்டுரையில் இல்லை. பழைய சமையலறையைப் பற்றித் தமிழில் ஆண்கள் எழுதியிருக்கும் ஏக்கங்களில் பெரும்பகுதி இப்படித் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதுதான். அவற்றை நான் இன்று நம்பத் தயாராக இல்லை, என்னுடையதையும் சேர்த்து.

கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். சீமென்ஸில் என்ஜினீயராக இருந்த சத்யபிரகாஷ் மாத்தூர் என்பவர், மனைவியின் ஜெர்மன் மிக்ஸி நம் ஊர்ச் சரக்கை அரைக்க முடியாமல் பழுதாகிப்போனபோது, அதைவிட வலுவான மோட்டாரைப் போட்டுத் தாமே ஒன்று செய்து பார்த்தார். 1963இல் அதற்காகவே ஒரு கம்பெனி வந்தது, சுமீத் பிறந்தது. உலர்ந்த மிளகாயும் மஞ்சளும் அரைபட வேண்டும் என்பது அந்நிய மிக்ஸியைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. மின்வெட்டு உச்சத்திலிருந்த காலம். கிரைண்டர் வந்துவிட்டது, கரண்ட் எப்போது வரும் என்று பெண்கள் உளுந்தை ஊறவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதைக் கிண்டல் செய்து எழுதினோம். கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேர் உளுந்து ஆட்டியவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அக்காள் வீட்டில் இன்றும் ஓடுவது அந்தக் கிரைண்டர்தான். பக்கத்திலிருந்த முதலமைச்சர் படம் வெளிறிப்போய்விட்டது.

ஆனால் இந்தச் சாதனங்களெல்லாம் எடுத்துக்கொண்டது உழைப்பை. பதம் பார்க்கிற வேலை அக்காளிடமே இருந்தது. கிரைண்டர் சுற்றிக்கொண்டிருக்கும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவள் கணக்கு. உளுந்து மாவைக் கிள்ளித் தண்ணீரில் போடுவாள். மிதந்தால் சரி. மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறிவிடும், பொங்காது என்பதும் அவளுக்குத் தெரியும். புது இயந்திரம் மாவைக் கிள்ளிப் பார்க்க இடம் வைக்கவில்லை. எங்கோ ஒரு பரிசோதனைச் சமையலறையில் யாரோ ஒருவர் ஒருநாள் வெங்காயத்தை வதக்கினார். அது சிவந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். நாலரை நிமிஷம். இனி மழைக்காலத்து வெங்காயத்துக்கும் கோடையில் பரணில் காய்ந்த வெங்காயத்துக்கும் அதே நாலரை நிமிஷம்தான். மணிக்கட்டை விடுவித்த கருவிகளின் வரிசையில் இதையும் சேர்த்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது. இது கேட்பது மூக்கையும் கண்ணையும் காதையும்.

இலக்கியத்தில் இந்தத் தகராறு நமக்குப் புதிதல்ல. 1959இலிருந்து 1970 வரை ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பா, ஒரு படைப்பு ஏன் நன்றாக இருக்கிறது என்பதை அலசிக் காட்ட வேண்டும் என்றார். க.நா.சு.வுக்கு அந்த அலசலில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. படித்துப் படித்துப் பழகிய ரசனை ‘இது நல்லது’ என்று சொன்னால் போதும், பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. என் அக்காள் க.நா.சு. கட்சி. ஏன் இவ்வளவு புளி என்று கேட்டால் “அவ்ளோதான் புளி” என்பாள். இந்த இயந்திரத்தைச் செல்லப்பா கட்சி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அது அவருக்குச் செய்கிற அநியாயம். செல்லப்பா அலசியது, தான் ருசித்துவிட்ட ஒன்றை. இயந்திரம் ருசிக்காமல் அலசுகிறது. அலசலை ரசனையிலிருந்து அறுத்து எடுத்துக் கிராமாகவும் பாகையாகவும் நிமிஷமாகவும் மாற்றிவிட்டால் மிஞ்சுவது என்னவோ அது.

இவ்வளவையும் மூன்றாம் நாள் இரவு அக்காளிடம் விளக்கினேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், “இம்மா நாளு சாப்ட்டியே, எவ்ளோ நேரம் வதக்கினன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா நீ?” என்றாள்.

சரி, இயந்திரத்தின் சமையல் எப்படி என்று கேட்பீர்கள். கூட்டு நன்றாக வந்தது. பருப்பு மசிந்த விதம் என் அக்காளின் மத்தால் முடியாதது. பால் பாயசம் அடிப்பிடிக்கவேயில்லை. அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. அரிசி உப்புமா கேவலம். சட்னி மிக்ஸிச் சட்னி மாதிரியே இருந்தது, அதைச் சுத்தப்படுத்துவதுதான் மிக்ஸி ஜாரைவிடச் சிரமம். திரவமாக இருப்பதும், மசிந்து ஒன்றாவதும் அதற்கு நன்றாகக் கைவருகிறது. சூப்புக்குப் பிறந்த பிள்ளை அல்லவா.

தோற்றுப்போன இடம் தாளிப்பு. இந்த இயந்திரம் 120 பாகைக்கு மேல் ஏறாது. தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடுகிறது, ஆகவே சூப்புக்கு அதற்குமேல் தேவையில்லை. வெங்காயத்தைச் சிவக்கவைக்கிற ரசாயன மாற்றமோ 140 பாகைக்குப் பக்கத்தில்தான் வேகம் பிடிக்கிறது. அகலமான அந்த ஜாரின் அடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் பிளேடுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. கடுகு போட்டோம். திரை நிமிஷத்தை எண்ணி முடித்து, தாளிப்பு முடிந்தது என்று அறிவித்தது. ஒரு கடுகு கூட வெடிக்கவில்லை. ஒரு நாகரிகத்தின் கடைசி அரை நிமிஷத்துக்கு அந்த ஜாரில் இடமில்லை என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்போது படித்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விஷயம் அதுதான். வேறொரு ஊரின் பசிக்காக வகுத்த உருவம், நம் குழம்பை உள்ளே விட்டுக்கொள்ளும். அதன் முடிவை மட்டும் வெளியே நிறுத்திவிடும்.

தாளிப்புக்குச் சங்கத் தமிழில் ‘குய்’ என்று பெயர். குறுந்தொகை 167இல், கூடலூர் கிழார் பாட்டில், புதிதாகக் குடித்தனம் போன பெண் தயிரைப் பிசைந்த விரலைக் கழுவாமல் புடவையில் துடைத்துக்கொண்டு, குய்ப்புகை கண்ணில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு செய்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி நற்றாயிடம் சொல்வதாகப் பாட்டு. இதைப் பல கூட்டங்களில் படிமச் சிக்கனத்துக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். எப்போதும் என் கவனம் அந்த முகத்தின் மலர்ச்சியில்தான் இருந்தது. கணவன் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான், அதை நாமும் ஒத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அவன் வாயில் வைப்பதற்கு எவ்வளவோ முன்பே, புகைக்குள் நின்றவளின் மூக்குக்குக் குழம்பு என்ன ஆயிற்று என்று தெரிந்திருக்கும். கண்டமங்கலத்தில் அந்தக் கடுகு வெடிக்காமல் கிடந்த அன்றுதான் அந்தப் புகையை நான் வாசித்தேன்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். பிறகு தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று மாறி மாறி வரும். 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சு இந்தியா, இந்தப் பக்கம் தென்னார்க்காடு. ஆகவே பிரெஞ்சுக்காரனின் சூப்பு இந்த ஊருக்கு வந்து சேர எழுபது வருஷம் தாமதமாகிவிட்டது என்றும் சொல்லலாம். இங்கிருந்து அங்கே போனது அதற்கு முன்பே போய்விட்டது. இந்தப் பகுதியில் கீரைக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் கடுகை மட்டும் போட்டுத் தாளிக்க மாட்டார்கள். வடகம் போடுவார்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்புச் சேர்த்துப் பிசறி, ஒரு ராத்திரி மூடிவைத்து, சித்திரை வைகாசி வெயிலில் காயவைப்பார்கள். சாயங்காலம் மறுபடி பிசைந்து உருட்டுவார்கள். விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவது வழக்கம். நாள் கணக்கில் இது நடக்கும். அந்த உருண்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி, இன்று பிரான்சின் பெரிய சமையல்காரர்கள் கையில் ‘வடூவான்’ என்ற பெயரில் புழங்குகிறது. அங்கே அது ஒரு மசாலாத் தூள். இங்கே அது எண்ணெயில் உதிர்ந்து கருகும் தறுவாயில் எழும் ஒரு மணம். தெருவில் போகிறவனுக்கு இன்னார் வீட்டில் இன்ன குழம்பு என்று அது சொல்லிவிடும்.

அக்காள் நான் போன மறுநாளே வடகம் பிசைந்தாள். இயந்திரம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன், வேடிக்கையாக. அவள் வேடிக்கையாகப் பதில் சொல்லவில்லை. முறத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, “பச்ச வாட போச்சா பாரு” என்றாள். இது என்ன, உனக்குத் தெரியாதா என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

2021 மே மாதம் அவளுக்குக் கொரோனா வந்தது எனக்குத் தெரியும். வீட்டிலேயே இருந்து பிழைத்துக்கொண்டாள். மணம் தெரியவில்லை என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள்; கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது என்றார்கள். அவளுக்குத் திரும்பவில்லை. அந்தக் கிருமி மணத்தை உணரும் நரம்புகளை நேராகத் தாக்குவதில்லை, அந்த நரம்புகளைச் சுற்றித் தாங்கி நிற்கும் உயிரணுக்களில்தான் முதலில் நுழைகிறது என்று 2020இலேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவேதான் பெரும்பாலோருக்குத் திரும்பிவிட்டது போலும். நாக்கு அப்படியே இருக்கிறது: புளிப்பு, உப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. காரம் தெரிகிறது, காரம் என்பது ருசி அல்ல, ஒரு எரிச்சல் என்பதால். ரசம் என்பது அவளுக்கு நாலு வருஷமாக எரிகிற புளித்தண்ணீர்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாபகத்தில் சமைத்தாள். கை பழகிய அளவு, கண் பழகிய நிறம். 2022இலும் 2023இலும் நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா, உன் கைமணம் யாருக்கு வரும் என்று, ஒவ்வொரு தடவையும் சொல்வது போல அப்போதும் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்தாள் என்பது ஞாபகமிருக்கிறது. ரசம் மாறியிருந்ததா, மாறவில்லையா? எனக்குத் தெரியாது. நான் ருசித்துச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். எத்தனை முன்னுரைகளில் இதையே செய்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மகனுக்குத் தெரியவந்தது ஒரு விபத்தால். அதுவும் நடக்க இருந்து நடக்காமல் போனது. ஸ்டவ் அணைந்து, வாயு கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பெண் வாசல்படி ஏறியதும் கத்தியிருக்கிறாள். சமையல் வாயுவுக்கென்று தனி மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த ஏற்பாடு மூக்கை நம்பிச் செய்தது. அந்த வாரமே இயந்திரம் வந்து சேர்ந்தது. நெருப்பில்லை, கசிவில்லை, கருகும் முன்பே தானாக நின்றுவிடுகிறது.

என் மூன்றாம் நாள் பிரசங்கம் இதற்கு முன்பு நடந்தது. அது எடுத்துக்கொள்கிறது என்று நான் குற்றம் சாட்டிய பொருள் அவளிடம் ஏற்கெனவே இல்லை. இருப்பது போல நாலு வருஷம் நடித்துக் களைத்துப்போயிருந்தாள். நாலரை நிமிஷம் என்று யாரோ குறித்துவைத்தது எனக்கு அடிமைத்தனமாகப் பட்டது. அவளுக்கு அது பார்வையற்றவனுக்குப் படிக்கட்டில் கைப்பிடி. அதற்காக என் வாதத்தை முழுக்க வாபஸ் வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூக்குள்ள ஒரு பெண் தன் இருபதாவது வயதில் இந்தத் திரையின் முன் நின்று சமையல் பழகினால் அவளுக்குப் பச்சை வாடை என்றால் என்னவென்றே தெரியாமல் போகும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்தை அக்காளின் சமையலறையில் நின்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதை அங்கே நின்று சொல்ல முடியாதென்றால், வேறெங்கே நின்று சொல்வது என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

வடகத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் முறம் என் மூக்குக்கு வந்தது. ஏழாம் நாள், போய்விட்டது, எடுத்து வைக்கலாம் என்றேன். நிச்சயமாகத்தான் சொன்னேன். வெங்காயத்தின் அந்தக் கண்கலங்கவைக்கும் வாடை இல்லை. வெயில் பட்ட எண்ணெயும் வெந்தயமும் கலந்த கனத்த மணம்தான் இருந்தது. அவள் ஜாடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒரு உருண்டையை எடுத்துக் காதோரம் வைத்து விரலால் அழுத்தினாள். உடையும் சத்தம் வரவில்லை. பிட்டுப் பார்த்தாள். உள்ளே ஈரம் இருந்தது.

“மேலாப்புல மோந்து பாத்து சொல்லிட்ட” என்றாள். கோபம் இல்லை. முறத்தை மறுபடி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் என்னைக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் நான் அவளுடைய சமையலை உட்கார்ந்து பார்த்தேன், குறிப்பு எதுவும் எடுக்காமல். திரை சொல்கிறபடியெல்லாம் அவள் செய்வதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜாரின் மூடியில் கையை வைத்து அதிர்வைப் பார்க்கிறாள். பிளேடின் சத்தம் மாறும்போது, நிமிஷம் பாக்கியிருந்தாலும், நிறுத்திவிடுகிறாள். வெங்காயம் முதலில் தண்ணீர் விடும்போது சளசளவென்று ஒரு சத்தம். தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே வரும்போது சத்தம் சன்னமாகிவிடுகிறது என்றாள். இயந்திரம் 120 கிராம் புளிக்கரைசல் கேட்டபோது, தராசைப் பார்த்துக்கொண்டே, கரண்டியின் காம்பால் ஜாரை மெல்ல அழுத்தி 120 காட்டவைத்தாள். அது நம்பி அடுத்த கட்டத்துக்குப் போயிற்று.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் பரணிலிருந்து பழைய ஒற்றை அடுப்பை இறக்கச் சொன்னாள். மகனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். சிலிண்டரும் இருக்கிறது, பின்கட்டில், சாக்குப் போட்டு மூடி. “நீ இருக்கசொல்லவே ஒரு தாளிப்பு தாளிச்சிடறன். மூக்கு இருக்கிற ஆளு வூட்டுல இருந்தாத்தான் பத்த வெப்பன்” என்றாள். இயந்திரத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்கச் சொல்லித் திரை காத்திருந்தது. அவள் இரும்புத் தாளிப்புக் கரண்டியை அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் விட்டு, வடகத்தை உதிர்த்துப் போட்டாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். படபடவென்று வெடித்தது அடங்கி, கடைசியாக ஒன்றிரண்டு வெடித்ததும் கரண்டியைத் தூக்கி ஜாருக்குள் கவிழ்த்தாள்.

“வந்திச்சா?”

வந்தது என்றேன்.

“எதுவரைக்கும்? போய் நின்னு பாத்துட்டு வா.”

வாசலுக்குப் போனேன். திண்ணையில் இருந்தது. படலைத் திறந்து தெருவில் இறங்கினேன். அங்கேயும் இருந்தது. முருங்கை மரம் வரை நடந்தேன். அதைத் தாண்டி விழுப்புரம் சாலைப் பக்கம் போனபோது பஸ்ஸின் டீசல் வாடை மட்டும்தான். திரும்பி நடந்தேன், முருங்கை மரத்துக்கு இரண்டு எட்டு இந்தப் பக்கம் மறுபடி வந்தது. உள்ளே போய் அதை அப்படியே சொன்னேன்.